ஞாயிறு ஆசரிப்பு: வீட்டில், வேலையில், தேர்வில் நடைமுறை என்ன?

நாசரேத்_வாசகன் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் ஸ்தோத்திரம். நாம் ஓய்வுநாளாக ஆசரிக்கிற (கடைப்பிடிக்கிற) ஞாயிற்றுக்கிழமையில் தேர்வு வைக்கிறார்கள், கூட்டம் போடுகிறார்கள், கடை திறக்கிறார்கள் என்று நம் சபைகளில் வருத்தம் இருக்கிறது. நியாயமான வருத்தம்தான். ஆனால் நம்முடைய வீடுகளிலேயே வாரத்தில் அதிக வேலை நடக்கிற நாள் ஞாயிறு. விடியுமுன் கறிக்கடையில் வரிசை, ஏழு மணிக்கு மசாலா அரைப்பு, ஆராதனைக்குக் கடைசி மணி அடிக்கும்போது ஈரத்தலையோடு ஓடிவருகிற தாய்மார், மதியம் பன்னிரண்டு பேருக்குப் பந்தி, மாலை வரை பாத்திரம்.

வேதத்தின் பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாளைப் பற்றிய நாலாம் கட்டளையை முழுவதும் வாசித்துப் பாருங்கள். "நீயானாலும், உன் குமாரனானாலும், உன் குமாரத்தியானாலும், உன் வேலைக்காரனானாலும், உன் வேலைக்காரியானாலும், உன் மிருகஜீவனானாலும், உன் வாசல்களில் இருக்கிற அந்நியனானாலும்" என்று வரிசை போகிறது. வேலை வாங்கும் அதிகாரம் உள்ளவனிடம்தான் கட்டளை பேசுகிறது. தன் கீழ் இருப்பவர்களுக்கு ஓய்வு கொடுக்காமல் அவன் மட்டும் ஓய்ந்திருந்தால் அது ஆசரிப்பு ஆகாது. அரசிடம் மனு கொடுப்பதற்கு முன் இந்த வரிசையை நாம் நம் வீட்டுக்குள் நிறைவேற்றவேண்டும் என்பது என் நிலைப்பாடு.

உபதேச விளக்கத்தைவிட நடைமுறையை எழுதுங்கள். சமையல், வீட்டு வேலை செய்பவர், ஷிஃப்ட், பிள்ளைகளின் தேர்வு, தேர்தல் நாள் எதுவானாலும் சரி. எங்கே சறுக்குகிறது, ஏன் சறுக்குகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஆயத்தநாள்

அண்ணாச்சி, நான் ஏழாம் நாள் சபையைச் சேர்ந்தவன். எங்களுக்கு வெள்ளி சூரிய அஸ்தமனம் முதல் சனி அஸ்தமனம் வரை ஓய்வுநாள். நாள் எது என்ற வாதத்தை இங்கே இழுக்கவில்லை. முந்தின நாளுக்கு "ஆயத்தநாள்" என்று பெயர் வைத்து அதையும் ஒழுங்குக்குள் கொண்டுவருவது எங்கள் பழக்கம். உங்கள் வீடுகளில் இல்லாதது அதுதான். ஓய்வு நாள் காலையில் கெட்டுப்போவதில்லை. முந்தின மாலையே கெட்டுவிடுகிறது.

ஞாயிறு ஆசரிப்பவர்களுக்கு ஏற்றபடி சனிக்கிழமையை வைத்துச் சொல்கிறேன்.

மாவு: 4 பங்கு இட்லி அரிசிக்கு 1 பங்கு உளுந்து, அரை டீஸ்பூன் வெந்தயம். காலை 10 மணிக்குள் ஊறப்போட்டு 3 மணிக்குள் அரைத்துவிட்டால் கோடையில் இரவு 10 மணிக்குப் பொங்கிவிடும். பொங்கியவுடன் ஃபிரிட்ஜில் வையுங்கள். இரவு முழுக்க வெளியே விட்டால் காலையில் புளித்து வழியும். அடுப்பு மேடையைக் கழுவுவதிலேயே அரை மணி நேரம் போய்விடும். மழைக்காலத்தில் மாலை 5 மணிக்கு அரைத்து வெளியேயே விடலாம். தொட்டுக்கொள்ள இட்லிப்பொடி, நல்லெண்ணெய். ஒரு நாள் சட்னி இல்லாவிட்டால் என்ன?

கறி: ஞாயிற்றுக்கிழமை கறி வேண்டாம் என்று சொல்லி நம் ஊரில் ஜெயிக்க முடியாது. சனி மாலையே வாங்கிவிடுங்கள். 1 கிலோ ஆட்டுக்கறிக்கு 100 கிராம் தயிர், 2 மேஜைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது, 1 டீஸ்பூன் மஞ்சள்தூள், உப்பு போட்டுப் பிசைந்து மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் குக்கரில் 5 விசில் போதும். இளங்கறியாக இருந்தால் 4. முழுக்கச் சமைத்து வைப்பதாக இருந்தால் தேங்காய் அரைத்து ஊற்றாதீர்கள். தேங்காய் சேர்த்த குழம்பு சீக்கிரம் ஊசிப்போகும். தேங்காய்ப் பாலையோ விழுதையோ ஞாயிறு சூடாக்கும்போது சேர்த்து ஒரு கொதி விட்டால் போதும். உப்பையும் கொஞ்சம் குறைத்தே போடுங்கள். மறுபடி கொதிக்கும்போது குழம்பு வற்றி உப்பு ஏறும்.

சமைத்ததைப் பெரிய பாத்திரத்தோடு அப்படியே ஃபிரிட்ஜில் வைத்தால் நடுப்பகுதி ஆறவே மணிக்கணக்காகும். அதற்குள் கெட ஆரம்பித்துவிடும். இரண்டு மூன்று சின்னப் பாத்திரங்களில் பிரித்து, சூடு தணிந்ததும், இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வையுங்கள். சாதத்தை மட்டும் முந்தின நாளே வடித்து வெளியே வைக்காதீர்கள். இரவு முழுக்க வெளியே இருந்த சாதத்தைச் சூடாக்கினாலும் வயிற்றுக் கோளாறு வரும். ஞாயிறு மதியம் புதிதாக ஒரு பானை சாதம் வைப்பதற்கு இருபது நிமிடம் போதும்.

துணி தேய்ப்பு, பெட்ரோல், தண்ணீர்த் தொட்டி, பிள்ளைகளின் திங்கட்கிழமைப் பள்ளிப் பை எல்லாம் சனி இரவு 8 மணிக்குள் முடியவேண்டும். இந்தப் பட்டியலை வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் பங்கு போடுங்கள். அம்மாவின் ஞாயிற்று வேலையை அம்மாவின் சனிக்கிழமைக்கு நகர்த்துவது ஆயத்தம் ஆகாது. பெரும்பாலான வீடுகளில் சறுக்குகிற இடம் இதுதான்.

மேலறை_சகோதரன்

பிரதர், இது மறுபடியும் நியாயப்பிரமாணத்துக்குள் (மோசேயின் சட்டத்துக்குள்) போகிற வழியாகத் தெரிகிறது. கொலோசெயர் 2:16-ல் ஓய்வுநாட்களைக் குறித்து ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்த இடங்கொடாதிருங்கள் என்று பவுல் எழுதுகிறார். ரோமர் 14:5-ல் அவனவன் தன் மனதிலே நிச்சயமுள்ளவனாய் இருக்கட்டும் என்கிறார். நாங்கள் வாரத்தின் முதல் நாளில் அப்பம் பிட்க, அதாவது இயேசுவின் நினைவாக அப்பமும் ரசமும் பகிர்கிற திருவிருந்துக்கு, கூடுகிறோம். அப்போஸ்தலர் 20:7-ல் இருக்கிற மாதிரி. அதற்கு மேல் எது செய்யலாம், எது கூடாது என்று பட்டியல் போட எங்களுக்கு வேதத்தில் அதிகாரம் இல்லை.

நாசரேத்_வாசகன்

பிரதர், மனச்சாட்சியைக் கட்டுகிற பட்டியல் வேண்டாம் என்பதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். 1640-களில் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் கூடிய, கண்டிப்புக்குப் பேர்போன பியூரிட்டன் போதகர்கள்கூட "அவசியமான வேலை, இரக்கத்தின் வேலை" என்று இரண்டு வாசல்களைத் திறந்தே வைத்தார்கள். ஆனால் அப்பம் பிட்க எல்லாரும் வரவேண்டுமானால் அந்த நேரத்தில் அடுப்படியில் யாரும் நிற்கக்கூடாது. கொலோசெயர் 2:16-ஐ எடுத்துப் பேசுகிற வீட்டிலும் சமையற்கட்டில் ஒரு சகோதரி ஆராதனையைத் தவறவிட்டால் அந்த விடுதலை யாருக்குக் கிடைத்தது? "ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது" என்ற ஆண்டவரின் வார்த்தையில் மனுஷி அடங்கவில்லையா?

மேலறை_சகோதரன்

அந்தக் கேள்வியை ஏற்கிறேன். எங்கள் கூட்டங்களிலும் அது உண்டு.

சேகர_கணக்கு

வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. கட்டளையில் பெயர் சொல்லியே வருகிறவர் அவர்.

ஞாயிறு விடுப்பு என்றால் சம்பளம் பிடிக்காத விடுப்பு. மாதச் சம்பளம் பேசும்போதே "மாதத்துக்கு நாலு அல்லது ஐந்து ஞாயிறு வரவேண்டாம், சம்பளம் இதுதான்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் அவர் பயந்துகொண்டு வருவார், நாமும் வாங்கிக்கொண்டே இருப்போம். விடுப்பு கொடுத்துவிட்டு ஞாயிறு முழுக்கப் பாத்திரத்தைக் குவித்து வைத்தால் திங்கட்கிழமை அவருக்கு இரண்டு நாள் வேலை. அது ஓய்வல்ல, கடன். ஞாயிற்றுக்கிழமைப் பாத்திரத்தை அன்றே வீட்டு ஆண்களும் பிள்ளைகளும் கழுவி வைக்கவேண்டும். விருந்தினர் வந்தால் வாழை இலை போடுங்கள், பாதி வேலை குறையும்.

அவர் இந்துவாகவோ முஸ்லிமாகவோ இருக்கலாம். அவருக்கு வெள்ளியோ செவ்வாயோ வேண்டுமென்றால் அந்த நாளைக் கொடுங்கள். "உன் வாசல்களில் இருக்கிற அந்நியன்" என்பதற்கு எந்த நிபந்தனையும் போடப்படவில்லை.

இதே கணக்கில் சாப்பாட்டு டெலிவரியும் வரும். அம்மாவுக்கு ஓய்வு கொடுக்கிறோம் என்று ஞாயிறு மதியம் ஆப்பில் பிரியாணி வரவழைத்தால், வெயிலில் பைக்கில் வருகிற பையனிடம் அந்த வேலையை மாற்றிக் கொடுக்கிறோம். முடிந்தவரை தவிர்க்கலாம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சபையிலேயே ஓய்வில்லாதவர்கள் இருக்கிறார்கள். ஐயர் (சபைப் போதகர்) ஒருவர் ஒரே ஞாயிறில் சேகரத்துக்குள் (அவர் பொறுப்பில் இருக்கிற சபைகளுக்குள்) இரண்டு மூன்று ஆலயங்களுக்குப் போய் ஆராதனை நடத்துகிறார். உபதேசியார் (ஐயருக்கு உதவுகிற சபை ஊழியர்), ஆலயத்தைத் திறந்து பெருக்கி மணி அடிக்கிறவர், வாட்ச்மேன் இவர்களுக்கு வாரத்தில் எந்த நாள் விடுமுறை என்று சேகரக் கமிட்டித் தீர்மானப் புத்தகத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த கமிட்டியில் திங்கட்கிழமை என்று எழுதிவிடுங்கள். அந்த நாளில் திருமண ஓலை (திருமண அறிவிப்பு), சான்றிதழ் என்று கதவைத் தட்டக்கூடாது என்பதையும் சபையில் அறிவிக்கவேண்டும்.

ஷிஃப்ட்_ரோஸ்டர்

வேலைக்குப் போகிறவர்களுக்கு எழுதுகிறேன். முதலில் சட்டம் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இல்லாத உரிமையைக் கேட்டுப் பெயரைக் கெடுத்துக்கொள்ளவேண்டாம்.

1948-ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டம் 52-ம் பிரிவில் வார விடுமுறை ஞாயிறு என்று பெயர் சொல்லியே இருந்தது. அன்று வேலை வாங்கினால் முன்னும் பின்னும் மூன்று நாட்களுக்குள் மாற்று விடுமுறை தரவேண்டும் என்றது. புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டத்தில் வாரத்துக்கு ஆறு நாளுக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்பது இருக்கிறது, ஞாயிறு என்ற பெயர் அதில் இல்லை. தமிழ்நாட்டில் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற கடைகள் வருடம் முழுக்கத் திறந்திருக்க 2019-ல் அரசாணை வந்தது. அதிலும் ஒவ்வொரு ஊழியருக்கும் சுழற்சி முறையில் வாரம் ஒரு நாள் விடுமுறை கட்டாயம். ஆக, ஒரு நாள் ஓய்வு உங்கள் உரிமை. அது ஞாயிறாக இருக்கவேண்டும் என்பது வேண்டுகோள்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. ஞாயிறன்று பார்சல் கொண்டுபோக மறுத்த ஒரு தபால் ஊழியரின் வழக்கில் 2023-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பு சொன்னது. ஊழியரின் மத ஆசரிப்புக்கு இடம் கொடுப்பதால் தொழிலுக்குக் கணிசமான சுமை ஏறும் என்று முதலாளி காட்டினால்தான் மறுக்கலாம் என்றது. அந்தத் தீர்ப்பை இங்கே மனிதவளத் துறைக்கு அனுப்பிப் பிரயோஜனம் இல்லை. நம் தொழிலாளர் சட்டத்தில் தனியார் முதலாளிக்கு அப்படி ஒரு கடமை எழுதப்படவில்லை.

அதனால் வேண்டுகோளை நன்றாகச் செய்யவேண்டும். வேலை உறுதியான பிறகு, சேர்வதற்கு முன், ஒரே பக்கத்தில் எழுதிக் கேளுங்கள். "ஞாயிறு காலை 6 முதல் மதியம் 1 வரை" என்று நேரம் குறிப்பிட்டால் கிடைக்கிற வாய்ப்பு அதிகம். முழு நாளும் வேண்டுமென்றால் பதிலுக்கு எதைத் தருகிறீர்கள் என்று அதே கடிதத்தில் சொல்லவேண்டும்: எல்லாச் சனிக்கிழமையும், தீபாவளி, பொங்கல், ஆயுத பூஜை ஷிஃப்ட்டும். பண்டிகை ஷிஃப்ட்டுக்கு ஆள் கிடைக்காமல் தவிக்கிற மேலாளருக்கு இது பெரிய உதவி. உடன் வேலை செய்கிறவர்களும் மனம் கசக்கமாட்டார்கள்.

வாராவாரம் கடைசி நேரத்தில் கேட்பதுதான் காரியத்தைக் கெடுக்கிறது. வாய்வழியாக ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு ரோஸ்டரில் பதியாமல் விட்டால் மாற்று ஆள் வராத அன்று பழி உங்கள் மேல்தான் விழும். "ஞாயிறு வேலை பாவம்" என்று சக ஊழியர்களிடம் பேசவேண்டாம், அவர்கள் அன்று வேலை செய்துதானே உங்களுக்கு இடம் கிடைக்கிறது? எல்லாவற்றையும்விட, ஞாயிறு விடுப்பு வாங்கிவிட்டு அன்று மால் வாசலில் நின்று படம் போட்டால் உங்களுக்குப் பின்னால் கேட்கிற அடுத்த விசுவாசிக்கும் கதவு மூடிவிடும்.

வெள்ளை_உடுப்பு

நர்ஸ், போலீஸ், 108 ஆம்புலன்ஸ், மின்வாரியம், ரயில்வே இவையெல்லாம் இரக்கத்தின் வேலையிலும் அவசியத்திலும் சேரும். இவர்கள் ஞாயிறு ட்யூட்டிக்குப் போவது ஆசரிப்பை மீறுவதல்ல, அதைச் சபையில் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். இவர்களுக்கு மாலை ஆராதனை இருக்கிறதா என்பதே கேள்வி. பல சேகரங்களில் திருவிருந்து காலை ஆராதனையில் மட்டும்தான். மாதம் ஒருமுறையாவது மாலை 6 மணி ஆராதனையிலும் திருவிருந்து வைத்தால் காலை ஷிஃப்ட்காரர்கள் மாதக்கணக்கில் திருவிருந்து இல்லாமல் இருக்கமாட்டார்கள். கத்தோலிக்க சபையில் சனி மாலைத் திருப்பலியே ஞாயிற்றுக் கடமையை நிறைவேற்றும் என்று திருச்சபைச் சட்டத்திலேயே இருக்கிறது.

பிளஸ்டூ_பெற்றோர்

தேர்வுக்கு வருகிறேன். நீட் தேர்வு மே மாத ஞாயிற்றுக்கிழமையில் வருவதே வழக்கமாகிவிட்டது. 2024-ல் மே 5, 2025-ல் மே 4, இரண்டும் ஞாயிறு. தேர்வு மதியம் 2 மணி, வாசல் 1.30-க்கு மூடும். அதிகாலை ஆராதனைக்குப் போய்விட்டு வரலாம். ஆனால் சென்டர் வேறு ஊரில் விழுந்தால் முதல் நாளே அங்கே போய், பக்கத்து ஆலயத்தில் ஆராதனை எத்தனை மணிக்கு என்று தொலைபேசியில் விசாரித்துவிடுங்கள். யுபிஎஸ்சி முதல்நிலைத் தேர்வும் ஞாயிறுதான். காலையில் ஒன்று, மதியம் ஒன்று என இரண்டு தாள், இடையில் எங்கும் போகமுடியாது. மாலை ஆராதனை மட்டுமே வழி. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு 2024-ல் ஜூன் 9 ஞாயிறு, 2025-ல் ஜூலை 12 சனிக்கிழமை. தேர்வை நகர்த்த முடியும் என்பதற்கு இதுவே அத்தாட்சி.

வருடத்தில் ஒரு நாள் வருகிற தேர்வைப் பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை. ஐம்பத்திரண்டு ஞாயிறையும் விழுங்குவது டியூஷனும் கோச்சிங் டெஸ்ட்டும். ஒன்பதாம் வகுப்பு வந்ததும் ஓய்வுநாள் பாடசாலை (சண்டே ஸ்கூல்) பதிவேட்டில் பெயர்கள் குறைவதைப் பாருங்கள். திடப்படுத்தல் (திருவிருந்துக்குச் சேர்த்துக்கொள்ளும் சடங்கு) முடிந்த கையோடு பிள்ளை ஆலயத்துக்கு வெளியே போகிறது, அதற்கு நாத்திகம் காரணமல்ல, ஞாயிறு காலை 9 மணி டெஸ்ட். ஒரு பெற்றோர் தனியாகக் கேட்டால் சென்டரில் நடக்காது. ஒரே சென்டரில் படிக்கிற ஐந்தாறு பெற்றோர் சேர்ந்து, சேர்க்கைக் கட்டணம் கட்டுவதற்கு முன், டெஸ்ட்டை ஞாயிறு 1 மணிக்கு மேல் வைக்கச் சொல்லிக் கேட்டால் கிடைக்கும். கட்டணம் கட்டின பிறகு கேட்டால் கிடைக்காது.

உப்பும்_ஒளியும்

அரசியல் பக்கத்தை யாரும் தொடவில்லை. நான் நாசரேத் அண்ணாச்சியோடு கொஞ்சம் மாறுபடுகிறேன். வீட்டை ஒழுங்குபடுத்திவிட்டுத்தான் அரசிடம் பேசவேண்டும் என்றால் அந்த நாள் வரப்போவதில்லை. இரண்டும் கூடவே நடக்கவேண்டும்.

2023 மிசோரம் சட்டமன்றத் தேர்தலில் வாக்கு எண்ணிக்கை டிசம்பர் 3 ஞாயிறு என்று அறிவித்தார்கள். சபைகளும் அரசியல் கட்சிகளும் அமைப்புகளும் தொடர்ந்து மனு கொடுத்தன. டிசம்பர் 1 அன்று தேர்தல் ஆணையம் எண்ணிக்கையை 4-ம் தேதி திங்களுக்கு மாற்றியது. 2024-ல் மணிப்பூரில் ஈஸ்டர் ஞாயிறு உட்பட இரண்டு நாட்களை அலுவலக வேலை நாளாக்கி ஆணை வந்தது. எதிர்ப்பு எழுந்ததும் ஈஸ்டர் நாளை மட்டும் விலக்கினார்கள். கேட்டால் கிடைக்கிறது.

நம் மாநிலத்தில் 2019 மக்களவை வாக்குப்பதிவு ஏப்ரல் 18, பெரிய வியாழன் (ஈஸ்டருக்கு முந்தின வியாழன், நமக்குப் புனித நாள்). சித்திரைத் திருவிழாவை முன்னிட்டு மதுரையில் வாக்குப்பதிவு நேரத்தை இரண்டு மணி நேரம் நீட்டினார்கள். நமக்குத் தேதி மாறவில்லை.

நாசரேத்_வாசகன்

தம்பி, கேட்கவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எதைக் கேட்கிறோம் என்பதே கேள்வி. 2011 கணக்கெடுப்பின்படி மிசோரமில் கிறிஸ்தவர்கள் 87 சதவீதம், தமிழ்நாட்டில் 6 சதவீதம். அங்கே எல்லாக் கட்சிக்கும் அந்த ஞாயிறு தேவைப்பட்டது. இங்கே நம் ஞாயிறை எல்லாருக்கும் சட்டமாக்கக் கேட்டால் வேறொருவர் தன் நாளைச் சட்டமாக்கும்போது நமக்குப் பேச வாயிருக்காது. இலங்கையில் 1966-ல் போயா நாட்களை (நிலவின் கணக்கில் வருகிற பௌத்தப் புனித நாட்களை) வார விடுமுறையாக்கி ஞாயிறை வேலை நாளாக்கினார்கள். 1971 வரை அந்த நிலை. யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்களும் அதற்குள் வாழ்ந்தார்கள். பெரும்பான்மையின் நாளைச் சட்டமாக்கும்போது சிறுபான்மைக்கு என்ன நடக்கும் என்பதற்கு நம் மொழிக்காரரிடமே சாட்சி இருக்கிறது.

உப்பும்_ஒளியும்

ஏற்கிறேன். அப்படியானால் ஜெயித்தவர்கள் எப்படிக் கேட்டார்கள் என்று பாருங்கள். பிரிட்டனில் 1986-ல் ஞாயிறு வியாபாரத்தை முழுக்கத் திறந்துவிட தாட்சர் அரசு கொண்டுவந்த மசோதா 14 வாக்குகளில் தோற்றது. சபைகளும் கடை ஊழியர் சங்கமும் கைகோத்து நின்றதுதான் காரணம். 1994-ல் சட்டம் வந்தபோதும் இங்கிலாந்து, வேல்ஸில் 280 சதுர மீட்டருக்கு மேலான கடைகள் ஞாயிறன்று ஆறு மணி நேரம் மட்டுமே திறக்கலாம் என்ற வரம்பு வந்தது, ஈஸ்டர் ஞாயிறன்று முழு அடைப்பு. 2016-ல் அதைத் தளர்த்தப் பார்த்தார்கள், அதுவும் நாடாளுமன்றத்தில் தோற்றது. போலந்தில் 2018-ல் தொடங்கிய ஞாயிறு வியாபாரத் தடைக்கு முன்னின்றது சாலிடாரிட்டி தொழிற்சங்கம்.

ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் நேர்மாறாக நடந்தது. மிகக் கடுமையாக ஓய்வுநாள் ஆசரித்த ஊர் அது. அங்கே சபைகள் ஏறக்குறையத் தனியாகவே நின்றன. 2009-ல் ஞாயிறு கப்பல் வந்தது, 2024-ல் பெரிய சூப்பர்மார்க்கெட்டும் ஞாயிறு திறந்தது.

ஆகவே நம் மனு "கிறிஸ்தவர்களின் ஞாயிறு" என்று தொடங்கவேண்டாம். துணிக்கடையிலும் நகைக்கடையிலும் பத்து மணி நேரம் நிற்கிற பெண்பிள்ளைகளுக்கு வார விடுமுறை உண்மையில் கிடைக்கிறதா, விடுமுறைப் பட்டியலைக் கடையில் ஒட்டியிருக்கிறார்களா என்று தொழிலாளர் துறையிடம் கேட்கட்டும். அவர்களில் பலர் நம் ஜனமல்ல. அதனால்தான் அந்த மனுவுக்குப் பலம் வரும். தேர்வாணையத்திடம் தனியாக, தேர்வு அட்டவணை வெளியாகுமுன், ஞாயிறு காலைக்குப் பதில் சனி அல்லது ஞாயிறு மதியம் என்று கேட்கலாம். அட்டவணை வந்தபின் தேதி மாற்றம் கேட்டால் லட்சக்கணக்கான பேருக்குச் சிரமம், அதைக் கேட்பதே சரியல்ல.

வாக்காளர் பட்டியல் சிறப்பு முகாம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் நடக்கும். புதிதாகப் பெயர் சேர்க்க 6-ம் எண் படிவம். சனிக்கிழமையே போய் முடித்துவிடுங்கள். அந்த அறிவிப்பை முந்தின ஞாயிறு ஆலயத்தில் வாசிக்கலாம், அது கட்சிப் பிரசாரம் அல்ல. எந்தக் கட்சிக்கு என்று மட்டும் பீடத்திலிருந்து சொல்லக்கூடாது. வழிபாட்டு இடத்தைத் தேர்தல் பிரசாரத்துக்குப் பயன்படுத்துவதைத் தேர்தல் நடத்தை விதி தடுக்கிறது, மத நிறுவனங்களைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கிற 1988-ம் வருடச் சட்டத்தில் அதற்குத் தண்டனையும் உண்டு.

கடலோரன்

எங்கள் பக்கம் பல கடற்கரை ஊர்களில் ஞாயிறு கடலுக்குப் போவதில்லை என்பது ஊர்க் கட்டுப்பாடு. அது நிலைப்பதற்குக் காரணம் எல்லாரும் போகாததுதான். ஒருவர் போனால் திங்கட்கிழமை ஏலத்தில் அவர் மீனுக்குத்தான் விலை, அடுத்த வாரம் பத்துப் பேர் போவார்கள். ஓய்வைத் தனி மனிதன் காப்பது கஷ்டம், ஊராகச் சேர்ந்தால் எளிது.

விவசாயிகள் பாடு வேறு. கி.பி. 321-ல் ஞாயிறை ஓய்வு நாளாக்கிய கான்ஸ்டன்டைனின் ஆணையே பட்டணத்தாரையும் பட்டறைகளையும் ஓயச் சொல்லிவிட்டு, பருவம் தப்பும் என்று உழவனை விட்டுவிட்டது. பால் கறப்பதும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதும் எந்த நாளும் நிற்காது. மழை இருட்டிக்கொண்டு வரும்போது களத்தில் கிடக்கிற நெல்லை அள்ளுவது அவசியம். அறுப்பு மிஷினை ஞாயிற்றுக்கிழமைக்கு வாடகை பேசுவது அவசியமில்லை, சனியோ திங்களோ பேசமுடிகிறபோது.

செல்வி_அக்கா

ஆயத்தநாள் தம்பிக்கு ஒரு திருத்தம். தயிர் போட்டுப் பிசைந்த கறியை அலுமினியப் பாத்திரத்தில் இரவு முழுக்க வைக்கக்கூடாது, புளிப்பு பட்டு உலோக வாடை ஏறும். எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரம். சனி சாயங்காலம் கரண்ட் போகிற ஊரானால் தயிரே வேண்டாம். உப்பும் மஞ்சளும் மட்டும் போட்டு அன்றைக்கே வேகவைத்து விடுங்கள். காலையில் மசாலா சேர்த்துக் கொதிக்கவிட்டால் போதும், அதை வீட்டு ஆண்களே செய்யலாம்.

ஆயத்தநாள்

சரிதான் அக்கா, பாத்திரத்தைச் சொல்ல விட்டுவிட்டேன். வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் கறியோடேயே வைக்கவேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இல்லாமல் வைத்தால் துண்டுகள் மேலே காய்ந்து, மறுநாள் எவ்வளவு கொதித்தாலும் நாராகவே இருக்கும்.